கேற்றோடு நின்ற துணை

என் மகள் பிறந்தது 2020 தீபாவளிக்கு முதல் நாள் இரவு. நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு வெடிச் சத்தம்கூடக் கேட்காத தீபாவளி அது.

இப்போது என் தம்பியின் மனைவிக்கு ஏழு மாதம். போன கிழமை வந்திருந்தபோது, "அக்கா, உங்களுக்கு அந்த நேரம் எப்படி இருந்தது?" என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். பாதியில் தொண்டை அடைத்துவிட்டது. தேத்தண்ணி போடுகிறேன் என்று எழுந்து குசினிக்குப் போய்விட்டேன். வாயால் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இனி ஒரு கொரோனா வராது என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் பிள்ளைப்பேற்றுக்கு ஒருத்தி தனியாகப் போக வேண்டிவர ஆயிரம் காரணம் இருக்கிறது.

எனக்குத் தலைப்பிள்ளை. 2020 மார்ச் 20 பின்னேரம் ஆறு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். அதற்கு முதல் நாள்தான் பாமசியில் வாங்கிய கீற்றில் இரண்டு கோடு கண்டேன். சந்தோஷப்படுவதா, அரிசி பருப்பு வாங்க வரிசையில் நிற்பதா என்ற குழப்பத்தில் அந்த நாள் போயிற்று. கொழும்பில் ஊரடங்கு மே 26 வரை இழுத்தது. பிள்ளை உண்டானால் எட்டுக் கிழமைக்குள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் பதிய வேண்டும் என்பார்கள். நான் பதிந்தது போனில். எதிர்வீட்டு அன்ரியிடம் மிஸ்ஸின் நம்பர் இருந்தது. மிஸ் சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார். "போலிக் அசிட் மட்டும் விடாமல் குடிங்க, மற்றதெல்லாம் பிறகு பார்ப்போம்" என்றார். அந்த நம்பரை அன்றைக்கே எழுதி வைத்தது நான் செய்த முதல் நல்ல காரியம். போனில் சேமித்ததோடு விடாமல், சுவாமிப் படத்துக்குக் கீழே கலண்டரிலும் எழுதினேன்.

ஊரடங்கு தளர்ந்தபின் கிளினிக் ஒழுங்காக நடந்தது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் திரிபோஷ சத்துமா வந்தது, இரும்புச்சத்துக் குளிசை வந்தது, ஸ்கேன் இரண்டு எடுத்தோம். ஆவணி, புரட்டாசியில் கொரோனாவை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து ஒக்டோபர் கடைசியில் வந்து மூன்று மாதம் நிற்பதாக ஏற்பாடு. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்கிற சரக்கை வறுத்து இடித்துப் போத்தலில் போட்டு வைத்திருந்தா. 

ஒக்டோபர் தொடக்கத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் கொரோனா திரும்பவும் பரவத் தொடங்கியது. மாதக் கடைசியில் பேலியகொடை மீன் சந்தை. பேலியகொடைக்கும் எங்களுக்கும் நடுவில் களனி ஆறு மட்டும்தான். முகத்துவாரம், மட்டக்குளி, புளூமெண்டல், கொட்டாஞ்சேனை என்று வடகொழும்பு வரிசையாக மூடப்பட்டது. நவம்பர் 9ஆம் தேதி மேல் மாகாணத்தில் ஊரடங்கை எடுத்தார்கள். எங்கள் பக்கம் எடுக்கவில்லை. அம்மா போத்தலோடு யாழ்ப்பாணத்தில், நான் வயிற்றோடு கொட்டாஞ்சேனையில்.

வியாழன் இரவு இடுப்பில் ஒரு பிடி. வரும், போகும். வெள்ளி விடிய ஆறு மணிக்குத் தண்ணீர்க்குடம் உடைந்தது. நான் செய்த முதல் பிழை அதன்பிறகுதான். குளித்தேன், வீட்டைக் கூட்டினேன், சோறு வைத்தேன். நோ இன்னும் பலக்கவில்லையே, ஆஸ்பத்திரியில் போய்க் காத்திருப்பதைவிட இங்கே இருப்போம் என்ற எண்ணம். உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். ஏழரைக்கு மிஸ்ஸுக்கு எடுத்தபோது அவர் சத்தம் போட்டார். "தண்ணீர் போனால் நோ இருக்கோ இல்லையோ உடனே போக வேணும். உள்ளே கிருமி போனால் பிள்ளைக்கு ஆகாது. தண்ணீர் என்ன நிறம்?" நிறத்தை நான் பார்க்கவேயில்லை. தெளிவாக இருந்தால் கொஞ்சம் ஆறுதல். பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் பிள்ளை உள்ளே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம், ஒரு நிமிஷமும் சுணங்கக்கூடாது. தண்ணீர் போன நேரத்தையும் நிறத்தையும் குறித்து வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

1990க்கு எடுத்தோம். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை, தமிழிலும் கதைக்கலாம். வெள்ளை உடுப்பால் தலை முதல் கால் வரை மூடிய இருவர் வந்தார்கள். என் கணவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறப் போனார். கையைக் காட்டி நிறுத்தினார்கள். தனிமைப்படுத்திய பகுதியிலிருந்து நோயாளி மட்டும்தான் வரலாம். தொடர்மாடிக் கேற்றில் அவர் நின்றார். நான் உள்ளேயிருந்து பார்க்கும்போது மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்த மனிசன் புறக்கோட்டையில் பதினைந்து வருஷம் கடை நடத்தியவர், யாரிடமும் கதைத்து ஒரு காரியத்தை முடித்துக்கொண்டு வருவார், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆஸ்பத்திரியில் எனக்காகக் கதைப்பதற்கு அவர் இருக்கிறார் என்று ஒன்பது மாதம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை கேற்றோடு நின்றுவிட்டது.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. கொழும்பின் அரச ஆஸ்பத்திரிகளில் ஒன்று. அங்கே வேலை செய்தவர்கள் அந்த மாதங்களில் பட்ட பாட்டையும் கண்ணால் கண்டேன்.

"எங்கேயிருந்து?" என்று கேட்டார்கள். கொட்டாஞ்சேனை என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனா ஒரு கணம் நின்றது. வேறு வாசல், வேறு நடை, வேறு அறை. மூக்குக்குள் குச்சி விட்டு பிசிஆர் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அந்த அறைதான். உடனடியாக முடிவு சொல்லும் அன்ரிஜன் பரிசோதனை அப்போது இன்னும் பாவனைக்கு வரவில்லை. காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் நாலு மணிவரை நான் அங்கே இருந்தேன். மணிக்கு ஒரு தடவை ஒருவர் வந்து பிள்ளையின் துடிப்பைப் பார்த்துவிட்டுப் போவார். யார் டொக்டர், யார் தாதி, யார் உதவியாளர் என்று தெரியாது. எல்லோரும் ஒரே உடுப்பு, ஒரே கண்ணாடி. கடைசியில் நடையை வைத்து ஆளை அடையாளம் பிடித்தேன்.

அறையில் எனக்கு அடுத்த கட்டிலில் முகத்துவாரத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை. இருபத்திரண்டு வயது இருக்கும். நுவரெலியாப் பக்கத் தோட்டத்தில் பிறந்து, கலியாணம் முடித்து ஒரு வருஷத்துக்கு முன் கொழும்புக்கு வந்தவள். சிங்களம் 'கீயத', எவ்வளவு என்று விலை கேட்கும் அளவில்தான் தெரியும். நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம் "மிஸ், தலையிடி, தலையிடி" என்பாள். பிள்ளைப்பேற்று நோவில் முனகுகிறாள் என்று நினைத்து "பய வென்ன எபா" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். பயப்பட வேண்டாம் என்று. நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள்.

பதினொரு மணி போல என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, உங்களுக்கும் கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளினிக்கில் மிஸ் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் அது. கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ, முகமும் கையும் திடீரென வீங்குவது, இதில் ஏதாவது வந்தால் பிரஷர் ஏறியிருக்கலாம், வலிப்பு வரலாம், தாயும் பிள்ளையும் போகலாம். எனக்கு அடுத்த நோ ஏறிக்கொண்டிருந்தது. அது இறங்கும்வரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கதவுக்குப் போய், எனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில் கத்தினேன். "மிஸ்! மெயாகே ஒலுவ ரிதெனவா, எஸ் ஹரியட்ட பேன்னே நே!" இவவுக்குத் தலை இடிக்குது, கண் சரியாகத் தெரியவில்லை.

இரண்டு பேர் ஓடி வந்தார்கள். பிரஷர் பார்த்தார்கள். எவ்வளவு என்று என்னிடம் சொல்லவில்லை, ஆனால் பார்த்தவரின் கை நின்ற விதத்தில் தெரிந்தது. பத்து நிமிஷத்தில் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது அவள் என் பக்கம் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் கூட்ட வந்த அம்மாவிடம் கேட்டேன். "பபா ஹொந்தாய்" என்றார், பிள்ளை சுகம் என்று. அம்மா? "அம்மாத் ஹொந்தாய்." நம்பினேன். அவள் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

இந்த ஒரு மணிநேரத்தைத்தான் தம்பி மனைவியிடம் சொல்ல முடியாமல் எழுந்து போனேன். அவளும் மலையகத்துப் பிள்ளை.

ஆகவே நான் அவளுக்கென்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கப் போவது இவ்வளவுதான். தண்ணீர் போய்விட்டது என்றால் 'வதுர கியா'. இரத்தம் போகிறது என்றால் 'லே யனவா'. பிள்ளை துடிக்கவில்லை என்றால் 'பபா தங்கலன்னே நே'. மூச்சு எடுக்கக் கஷ்டம் என்றால் 'ஹுஸ்ம கன்ன அமாருய்'. தலையிடிக்கும் கண்ணுக்கும் மேலே எழுதியது. கடைசியாக ஒன்று: 'தெமல தன்ன கெனெக் இன்னவாத?' தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா? இதைக் கேட்க வெட்கப்படக்கூடாது. தமிழும் அரச கரும மொழிதான், அரச ஆஸ்பத்திரியில் அதைக் கேட்பது பிச்சையில்லை. இருந்தாலும் பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில் உரிமையைவிட ஐந்து சொல் கூட உதவும்.

பிசிஆர் நெகடிவ் என்று நாலு மணிக்குச் சொன்னார்கள். லேபர் ரூமுக்கு மாற்றினார்கள். அங்கே போன பிறகு நடந்தது எல்லாத் தாய்மாருக்கும் நடப்பதுதான், விரிக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும். மாஸ்க்கோடு நோ பிடிப்பது நரகம். ஈரமாகி மூக்கில் ஒட்டிக்கொள்ளும். என் தலைமாட்டில் நின்றவர் நடுத்தர வயது மருத்துவிச்சி. என் மாஸ்க்கைத் தன் கையாலேயே நாடிக்கு இழுத்துவிட்டார். "நெகடிவ் தானே. ஹுஸ்ம கன்ன." பிறகு "தல்லு கரன்ன, தல்லு கரன்ன!" என்று கத்தினார். அந்த வேதனையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் 'தள்ளு'தானே அது. அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை.

9.40க்குப் பிறந்தாள். நெஞ்சில் கொஞ்ச நேரம் வைத்தார்கள். பிறகு தையல்.

வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. என் போன் பின்னேரமே செத்துவிட்டது. சார்ஜர் பையில் இருந்தது, ஆனால் அந்த அறையில் பிளக் இருந்தது எனக்கு எட்டாத சுவரில். கணவரின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை! ஏழு வருஷம் குடும்பம் நடத்திய மனிசனின் நம்பர். அம்மாவின் பழைய நம்பர்தான் வாயில் வந்தது. ஒரு தாதியின் போனிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எடுத்து, அம்மா கொட்டாஞ்சேனைக்கு எடுத்து, இரவு பதினொன்றுக்குத் தகப்பனுக்குச் செய்தி போனது. அதுவரை அவர் கேற்றுக்கும் படிக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தாராம். எதிர்வீட்டு அன்ரி பிறகு சொன்னா. அதனால் பவர் பேங்க் ஒன்று, முழுச் சார்ஜில், பையின் வெளிப் பொக்கெற்றில். கிளினிக் அட்டையின் பின்பக்கத்தில் நாலு நம்பர், பேனாவால். அட்டையைத் தாய் கைவிடவே கூடாது. இரத்த வகை, ஒவ்வாமை, பழைய நோய், ஸ்கேன் முடிவு எல்லாம் அதில் இருக்கிறது. நாம் மயங்கிக் கிடந்தாலும் அது கதைக்கும். நெகடிவ் இரத்த வகைத் தாய்மார் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிள்ளை பொசிடிவ் வகையாக இருந்தால் 72 மணிநேரத்துக்குள் தாய்க்கு ஓர் ஊசி போட வேண்டும். வழக்கமாக அதை ஞாபகப்படுத்துவது வெளியே நிற்கும் புருஷனோ தாயோதான்.

அப்போது வாட்டுக்குள் பார்வையாளர் இல்லை. வெளியிலிருந்து சாமான் வந்தால் கேற்றில் கொடுக்க வேண்டியிருந்தது, பெயரும் வாட்டு நம்பரும் எழுதி. எனக்குச் சாமான் கொண்டுவர ஆளில்லை, எங்கள் பகுதி பூட்டு. கட்டிய பை எட்டு மணிநேரத்துக்குக் கட்டிய பை, இரண்டு நாள் அதில்தான் ஓட்டினேன். நீண்ட சட்டை மூன்று, பழைய பருத்திச் சீலையில் கிழித்த துணி பத்து, இரத்தப்போக்குக்குப் பெரிய பட்டைகள், ஒரு தேர்மஸ், ஒரு பிளேன்ரி கோப்பை, பிஸ்கட், பேரீச்சம்பழம். பிள்ளையின் உடுப்பைத் தனியாக ஒரு பொலித்தீன் உறைக்குள் கட்டுங்கள். பையைத் திறந்து தேடிக்கொடுப்பது நீங்களாக இருக்காது, யாரோ ஒருவர் அவசரத்தில் கை விடுவார். தீபாவளியன்று காலை பிள்ளையின் இடக் கையில் பிசிஜி போட்டார்கள். பக்கத்துக் கட்டில் சிங்களத் தாய் ஒரு துண்டுத் தொதல் தந்தா. அதுதான் தீபாவளிப் பலகாரம்.

ஞாயிறு காலை துண்டு வெட்டினார்கள், வீட்டுக்குப் போகலாம் என்று. தெஹிவளையிலிருந்து தம்பி ஒருவரின் காரை இரவல் வாங்கி வந்தான். கொட்டாஞ்சேனை எல்லையில் பொலிஸ் தடுப்பு. கார் அதற்கு அப்பால் போக முடியாது. இந்தப் பக்கம் தம்பி, நான், பிள்ளை. அந்தப் பக்கம் என் கணவர். அட்டையைப் பார்த்துவிட்டு பொலிஸ்காரர் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். தம்பி பிள்ளையை நீட்ட, அவர் வாங்கினார். தகப்பன் மகளை முதன்முதல் பார்த்தது நடுறோட்டில், கயிற்றுக்குக் கீழே. அவருக்குப் பிள்ளை தூக்கத் தெரியாது. பொலிஸ்காரர்தான் "ஒலுவ அல்லன்ன" என்று தலையைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தது. பத்து வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய கை ஒன்று பக்கத்தில் இருந்தால் பாதிக் கேள்வி எழவே எழாது. நாங்கள் இருவரும் எதைப் பார்த்தாலும் பயந்தோம், பயப்பட வேண்டியதைப் பார்த்துப் பயப்படவில்லை. திங்கள் முழுக்கப் பிள்ளை தூங்கினாள். நல்ல பிள்ளை, கரைச்சல் இல்லை என்று மகிழ்ந்தோம். செவ்வாய் காலை கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினோம். "எல்லாப் பிள்ளைக்கும் வாறதுதான், இளவெயிலில பிடி" என்றா. போன் திரையில் நிறம் தெரியாது என்பது எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை.

மிஸ் அன்று தற்செயலாக எடுத்தார். பிள்ளைப்பேற்றுக்குப் பின் முதல் பத்து நாளுக்குள் அவர்கள் இரண்டு தடவை வீட்டுக்கு வர வேண்டும். எங்கள் பகுதிக்கு வர முடியாததால் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். "வெளிச்சமான யன்னலுக்குப் பக்கத்தில வைங்க. நெற்றியை விரலால் அமத்தி எடுங்க. மஞ்சளா? இப்ப நெஞ்சு. இப்ப வயிறு. இப்ப தொடை." தொடையும் மஞ்சள். "எத்தனை தரம் பால் குடிச்சா? எத்தனை தரம் மூத்திரம்?" நேற்று ஐந்து தரம் பால், இரண்டு தரம் மூத்திரம். நாளுக்கு எட்டுத் தரமாவது குடிக்க வேண்டிய பிள்ளை. "வெயில் வேணாம். 1990க்கு எடுங்க, இப்பவே."

என் இரத்தம் ஓ பொசிடிவ், மகளுக்கு ஏ பொசிடிவ். அப்படி இருந்தால் மஞ்சள் கூடுதலாக ஏறக்கூடும் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் படம் வரைந்து விளங்கப்படுத்தினார். இரண்டு நாள் நீல வெளிச்சத்துக்குக் கீழே, கண்ணைக் கட்டி, கிடந்தாள். இறங்கியது. தூங்கிக்கொண்டே இருக்கும் பிள்ளை நல்ல பிள்ளை என்று இனி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பால் குடிக்க எழுப்பியும் எழும்பாத மஞ்சள் பிள்ளையை வெயிலில் பிடித்துக்கொண்டு நாளை எண்ணக்கூடாது. இரத்தத்தில் அளந்து பார்த்தால்தான் தெரியும். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால் அது இன்னும் அவசரம். அம்மாவிடம் இதைச் சொல்ல ஒரு மாதம் எடுத்தேன். வாய் திறக்கும்போதே அழுதுவிடுவா என்று தெரியும்.

எனக்கும் அந்த நாட்களில் அழுகைதான். பிள்ளை அழுதால் நானும் அழுவேன். முதல் கிழமைகளில் அப்படி வருவது உண்டு, இரண்டு கிழமை தாண்டியும் விடாவிட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றார் மிஸ். 1926 என்ற மனநல உதவி எண்ணையும் தந்தார். எனக்கு இருபது நாளில் மெல்ல விட்டது. என்னோடு படித்த ஒருத்திக்கு எட்டு மாதம் எடுத்தது. அவள் யாருக்கும் சொல்லவில்லை.

கீழ்மாடி ராத்தாவின் கதை வேறு. அவவுக்கு மூன்றாம் பிள்ளை, டிசம்பர் கடைசியில். கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்ற விதி அப்போது இருந்தது. பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையை அந்த மாதம் எரித்தார்கள். பொரளை கனத்தை மயானக் கேற்றில் அதற்கு எதிர்ப்பாக ஆட்கள் வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். அடக்கம் செய்யலாம் என்று வர்த்தமானி வந்தது 2021 பெப்ரவரி 25இல்தான், அதன்பிறகும் உடல்கள் மட்டக்களப்புப் பக்கம் ஓட்டமாவடிக்குப் போக வேண்டியிருந்தது. அந்த டிசம்பரில் ஒரு முஸ்லிம் தாய்க்கு பிசிஆர் குச்சி என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ராத்தா இரவு பத்து மணிக்கு நோவோடு படியில் உட்கார்ந்திருந்தா. "பொசிடிவ் வந்தா என்ன செய்வ? விடியட்டும்" என்றா. நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். பிள்ளை துடிக்குதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அஸருக்குப் பிறகு குறைவுதான்" என்றா. பின்னேரத் தொழுகை நேரத்திலிருந்து.

துடிப்புக் குறைந்தால் விடியலைப் பார்த்து நிற்க முடியாது. அதை எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. ராத்தாவின் புருஷன், எங்களுக்கு நானா, உடனே 1990க்கு எடுத்தார். ஆண்பிள்ளை, பிறந்தவுடன் மூன்று நாள் குழந்தைப் பிரிவில் வைத்திருந்தார்கள், சுகமாக வந்தான். ராத்தா படிக்காதவ இல்லை, மூன்றாம் பிள்ளைக்காரி. அவவைப் படியில் உட்கார வைத்தது அறியாமை இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பயத்தைக் கட்டி வைத்தால் ஆட்கள் சுணங்கித்தான் வருவார்கள். அதைச் செய்தவர்கள் யாரும் ஒரு பிள்ளைப்பேற்றை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2021 ஓகஸ்டில் சித்தியின் மகளுக்குப் பிள்ளைப்பேறு. டெல்டா ஓடிக்கொண்டிருந்த மாதம், 20ஆம் தேதியிலிருந்து திரும்பவும் ஊரடங்கு. ஜூனில் கர்ப்பிணிகளுக்கு சினோபாம் ஊசி தொடங்கியபோது மாமியார் வேண்டாம் என்று தடுத்தா. இவள் மிஸ்ஸிடம் கேட்டுவிட்டுப் போய்ப் போட்டுக்கொண்டாள். அப்படியும் முப்பத்தெட்டாம் கிழமையில் பொசிடிவ். வீட்டில் விரலில் மாட்டும் ஒட்சிசன் மீற்றர் வைத்திருந்தார்கள். கர்ப்பிணிக்கு 95க்குக் கீழே இறங்கவிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், 94 காட்டியதும் போய்விட்டாள். அவள் அழுதது மூச்சுக்காக இல்லை, பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று. பிரிக்கவில்லை. மாஸ்க் போட்டு, கையைக் கழுவிப் பால் கொடுக்கச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் தொடக்கத்திலிருந்தே சொன்னதும் அதுதான். முன்கூட்டியே அதை ஒருவர் அவளுக்குச் சொல்லியிருந்தால் இரண்டு இரவு அழுதிருக்க மாட்டாள்.

எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் 'கொரோனா தானே' என்ற ஒரு பதில் இருந்தது. ஏன் என்னைச் சோதிக்கும்போது என்ன செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை? கொரோனா. ஏன் தமிழில் ஒரு அறிவித்தல் இல்லை? கொரோனா. துணைக்கு ஆள் விட மாட்டீர்களா? கொரோனா. மூன்றாவதை ஏற்றுக்கொள்கிறேன், அதுவும் அரைமனத்தோடு. நோ பிடிக்கும் தாய்க்கு விருப்பமான ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பதைத் தொற்றுக் காலத்திலும் விடாதீர்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மற்ற இரண்டும் எந்தக் கிருமியும் கொண்டுவந்தது இல்லை. அம்மா என்னைப் பெற்ற காலத்திலும் இருந்ததுதான். வழக்கமாக அந்த ஓட்டையை யாராவது ஒரு அம்மா, ஒரு புருஷன், ஒரு பக்கத்து வீட்டுக்காரி கையால் பொத்திக்கொண்டிருப்பார்கள். 2020இல் அந்தக் கை இருக்கவில்லை.

முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவு போனில்தான் நடந்தது. யாழ்ப்பாணத்தில் அம்மா விளக்கேற்ற, இங்கே நாங்கள் மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். அம்மா வந்தது பிள்ளைக்கு ஐம்பது நாள் தாண்டி. சரக்குப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு, "இனி இது என்னத்துக்கு" என்றா. ஆனாலும் அடுத்த நாளே பத்தியக் கறி வைத்தா. நான் சாப்பிட்டேன்.

தம்பி மனைவிக்கு: அந்தப் பை அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. துணிகளைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். தேர்மஸ் நல்லது. சிங்களச் சொற்கள் எழுதிய தாளை இரண்டாக எழுதி, ஒன்றை அட்டைக்குள்ளும் ஒன்றைப் பைக்குள்ளும் வைத்திருக்கிறேன். பவர் பேங்க் ஊதிப்போய்விட்டது, அதை மட்டும் புதிதாக வாங்க வேண்டும். தம்பியின் நம்பரை மனப்பாடம் செய். அடுத்த முறை வரும்போது கேட்பேன்.